ஈட்டிப் பலகை இடுப்பு வளைவுல பிளக்குது, யோசனை வேணும்

அண்ணன்மாரே, அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பக்கப்பலகை வளைக்கணும். ஈட்டி மரம், கனம் 2.3 மி.மீ. சூடான 2 அங்குல இரும்புக் குழாய்ல வளைக்கிறப்போ, கிட்டார் நடுவுல ஒடுங்குற இடுப்புக்கிட்ட குழாய் படாத பக்கம் நார் எழும்பிச் சிலும்பு விடுது. குழாய் மேல தண்ணி தெளிச்சா துளி உருண்டு ஓடுது, அப்ப சூட்டுல குறையில்ல. நார் நேரா ஓடாம முகத்துப் பக்கம் சாய்ஞ்சிருக்கு; கனமும் கூடுதல். 2 மி.மீ.க்குக் குறைச்சு, குழாய் படாத பக்கம் மெல்லிசுத் தகரப் பட்டை அணைச்சு வளைக்கிறதா உத்தேசம். ரொம்ப நேரம் ஊறப்போட்டா பலகை அலையலையா நெளியும், அது வேண்டாம்.

மதுரையில கனம் சீரா தேய்ச்சுத் தர்ற பட்டறை எங்க இருக்கு? பிளேனர் (இழைக்கிற மெஷின்) நாரைப் பிச்சுரும். உப்புத்தாள் சுத்தின உருளையில தேய்க்கிற டிரம் சாண்டர்தான் வேணும்.

இன்னொண்ணு. ஐப்பசி ஈரத்துல மேல்பலகைக்குத் தாங்குகட்டை ஒட்டினா, காத்து காஞ்சதும் பலகை சுருங்கி விரிசல் விடும். ஏசி இல்லாம அறை ஈரப்பதத்தை 45–50%ல நிறுத்த யாருக்காச்சும் வழி தெரியுமா?