வெள்ளை மாளிகைக் கல்: தப்பான தேர்வா, வேறு வழியில்லையா?

கல்லுளி:
வர்ஜீனியாவில் அக்வியா ஓடையை ஒட்டி, கவர்ன்மென்ட் ஐலண்ட் என்று 17 ஏக்கர் திட்டு ஒன்று இருக்கிறது. வெள்ளை மாளிகைக்கும், அமெரிக்க நாடாளுமன்றமான கேபிட்டல் கட்டடத்துக்கும் மணற்கல் வெட்டிய இடம். 1791-ல் அரசு வாங்கியது. குவாரி எப்போதோ நின்றுபோய், 2010-ல் பூங்காவாகத் திறந்தார்கள். நான் சொல்வது இதுதான்: அந்தக் கல்லை எடுத்ததே தப்பு. உள்ளே களிமண் உருண்டைகள் உண்டு. மழையில் அவை கரைந்தால் குழி விழும். ஈரம் ஊறி, பனியில் உறைந்தால் கல்லே பிளக்கும். அதனால்தான் வெள்ளை மாளிகையைக் கட்டி முடிப்பதற்குள், 1798-லேயே சுண்ணாம்பு பூச வேண்டியதாயிற்று.

ஆற்றோரம்:
சுண்ணாம்பு 1814-ல் பிரிட்டிஷார் கொளுத்திய பிறகு, கரியை மறைக்க அடித்தது இல்லையா? பள்ளியில் அப்படித்தான் படித்தேன்.

கல்லுளி:
அது கட்டுக்கதை. தீக்குப் பிறகு மறுபடி பெயின்ட் அடித்தது உண்மை. ஆனால் வெள்ளை அதற்கு 16 வருடம் முந்தியது.

ஆற்றோரம்:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'தப்பு' என்பதை ஒப்ப மாட்டேன். 1791-ல் ரயில் ஏது? டன் கணக்கில் கல்லை மண் சாலையில் மாட்டு வண்டியில் இழுக்க முடியுமா? அக்வியாவில் படகில் ஏற்றினால் பொட்டோமக் ஆற்றிலேயே நேராக வாஷிங்டன் போய்விடலாம். வெட்டவும் செதுக்கவும் எளிது. வெள்ளை மாளிகை வாசலுக்கு மேல் இருக்கும் ரோஜாச் செதுக்கலைப் பாருங்கள், ஸ்காட்லாந்துக் கல்தச்சர்கள் கைவேலை. கையில் இருந்ததை வைத்துக் கட்டினார்கள், அவ்வளவுதான்.

கல்லுளி:
அப்படியென்றால் கேபிட்டலின் கிழக்கு முகப்பை 1958-62-ல் பளிங்கில் ஏன் திரும்பக் கட்டினார்கள்?

ஆற்றோரம்:
முகப்பை முன்னால் தள்ளிக் கட்டியதற்கு முக்கியக் காரணம் அழகு. பின்னால் வந்த வார்ப்பிரும்பு டோம் பெரிதாகி, கீழே தாங்கல் போதாத மாதிரி தெரிந்தது. கழற்றிய பழைய தூண்களில் 22 இன்றும் வாஷிங்டன் தேசிய மரப் பூங்காவின் புல்வெளியில், மேலே கூரை இல்லாமல் நிற்கின்றன. அதுவும் உங்கள் 'மோசமான' கல்தான்!

தூசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேரும் கல்லைப் பற்றியே பேசுகிறீர்கள். வெட்டியவர்கள்? அடிமைகளை அவர்களுடைய உரிமையாளர்களிடமிருந்து வாடகைக்கு எடுத்தார்கள். கூலி உரிமையாளர் பைக்குப் போனது. 'மலிவு' என்கிற கணக்கில் அதையும் சேருங்கள்.

ஆற்றோரம்:
நான் மலிவு என்று சொல்லவே இல்லை.

தூசி:
சொல்லவில்லைதான். ஆனால் 'வெட்ட எளிது' என்றீர்கள். யாருக்கு எளிது?

கல்லுளி:
நியாயமான கேள்வி. 2012-ல் கேபிட்டலுக்குள் அந்த அடிமைத் தொழிலாளர்களுக்கு ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். அதே கிழக்கு முகப்பிலிருந்து கழற்றிய அக்வியா கல்தான் அது. உளித் தழும்பு அப்படியே தெரியும்.