நியூ லானார்க் மில் கிராமம்: இவ்ளோ பள்ளத்துல இறங்கி ஏன் ஊர் கட்டினாங்க?

நூல்கண்டு:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா தொழிற்புரட்சி பத்தி படிச்சிட்டிருக்கேன், அதுல ஸ்காட்லாந்துல கிளைட் ஆத்தோரம் இருக்கற நியூ லானார்க்ங்கற சின்ன ஊர் கிட்ட வந்ததும் அதுக்கு மேல நகர முடியல. போட்டோ பாத்தீங்கன்னா செங்குத்தான சரிவுக்கு அடியில, ஆத்த ஒட்டி ஒரு துண்டு நிலம், அதுல வரிசையா பல மாடி கல் கட்டடம், ஒவ்வொண்ணுலயும் நூத்துக்கணக்கான ஜன்னல். மேட்டுல ஏற்கனவே லானார்க்னு பழைய டவுன் ஒண்ணு இருக்கு, அதை விட்டுட்டு எதுக்கு இந்தப் பள்ளத்துல வந்து பஞ்சு நூக்கற மில்லு கட்டினாங்க? யாரு வேலைக்கு வந்தாங்க? அப்புறம் பின்னாடி அந்த மில்ல நடத்தின ராபர்ட் ஓவன் பத்தி ஒருத்தர் மகான் மாதிரி எழுதறார், இன்னொருத்தர் ஜனங்கள பொம்மையாட்டம் ஆட்டி வச்சார்னு எழுதறார். ரெண்டையும் படிச்சிட்டு எனக்கு அந்த ஊர் மனுஷங்க எப்படித்தான் இருந்திருப்பாங்கன்னு புடிபடவே மாட்டேங்குது, தெரிஞ்சவங்க கொஞ்சம் விரிவா சொல்லுங்க.

மடைத்தண்ணி:
முதல் கேள்விக்கு பதில் தண்ணிதான். இங்கிலாந்துல ஆர்க்ரைட்ங்கறவர் கொண்டு வந்த நூற்பு மிஷின் கையால சுத்தற சமாச்சாரம் இல்ல, ராப்பகலா ஒரே சீரா சுத்த சக்தி வேணும், 1780கள்ல நீராவி இஞ்சின் இன்னும் மில்லுக்குள்ள சரியா நுழையல. அதனால ஆறு எங்க உசரத்துல இருந்து விழுதோ அங்க மில்லு போகணும், மில்லு ஜனங்கள தேடி வராது. கிளைட் ஆறு இந்த இடத்துல பானிங்டன், கோரா, டண்டாஃப்னு மூணு அருவியா அடுத்தடுத்து விழுது. கிளாஸ்கோ வியாபாரி டேவிட் டேல் 1784-ல ஆர்க்ரைட்டையே கூட்டிட்டு வந்து இடத்த காட்டி, 1785-ல வேலை ஆரம்பிச்சு, 1786-ல நூல் நூக்க ஆரம்பிச்சுட்டார். 1788-ல முதல் மில்லு எரிஞ்சே போச்சு, உடனே திரும்பக் கட்டினாங்க.

தண்ணிய எப்படிக் கொண்டு வந்தாங்கன்னு பாருங்க. டண்டாஃப் அருவிக்கு மேலயே ஆத்துல இருந்து தண்ணிய திருப்பி, பாறையக் குடைஞ்சு சுரங்கம் வழியா இழுத்து, அப்புறம் மில்லுங்களுக்குப் பின்னாடி திறந்த கால்வாயா ஓட விட்டிருக்காங்க. அங்கேருந்து ஒவ்வொரு மில்லோட சக்கரத்துலயும் விழுந்து திரும்ப ஆத்துக்கே போயிடும். அருவி இறங்கற உசரத்த அப்படியே மிச்சம் புடிச்சு சக்கரத்துக்குக் குடுக்கறதுதான் இதுல சூட்சுமம். கட்டடம் ஏன் உசரமா இருக்குன்னா, சக்கரத்துல இருந்து தண்டு, பல்சக்கரம், பெல்ட்னு போகப் போக சக்தி வீணாகும், அதனால மிஷின பக்கவாட்டுல பரப்பாம மேல மேல அடுக்கிட்டாங்க, கீழ நிலமும் கம்மிதானே. இவ்ளோ ஜன்னல் எதுக்குன்னா பகல் வெளிச்சத்துக்கு, அறுந்த நூல கண்ணு பாத்து முடியணும்ல.

பஞ்சுப்பொதி:
வேலைக்கு யார் வந்தாங்கங்கறதுதான் என்னைத் தூங்க விடாத விஷயம். அக்கம்பக்கத்து ஜனங்க காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நாலு சுவத்துக்குள்ள மணி அடிச்சா உள்ள, மணி அடிச்சா வெளியங்கற வாழ்க்கைக்கு லேசுல ஒத்துக்கல. அதனால டேல் நிலம் இழந்த ஹைலாண்ட் (ஸ்காட்லாந்தோட வடக்கு மலைப்பகுதி) குடும்பங்கள கூப்பிட்டார். 1791-ல அமெரிக்காவுக்குப் பொழப்பு தேடிக் கிளம்பின ஒரு கப்பல் புயல்ல சிக்கி கிரீனாக் துறைமுகத்துக்குத் திரும்பி வந்துச்சு, அதுல இருந்தவங்கள்ல நிறைய பேருக்கு இங்க வேலையும் வீடும் குடுத்தார். ஸ்காட்லாந்து வடகோடில இருக்கற கெய்த்னெஸ்ல இருந்து வந்தவங்க குடியிருந்த வீட்டு வரிசைக்கு இன்னிக்கும் கெய்த்னெஸ் ரோன்னுதான் பேரு.

இன்னொரு பக்கம் எடின்பரோ, கிளாஸ்கோ அநாதை விடுதிகள்ல இருந்து நூத்துக்கணக்குல குழந்தைங்க. காலைல 6 மணிக்கு உள்ள போனா சாயங்காலம் 7 மணி, நடுவுல சாப்பாட்டுக்கு ஒண்ணரை மணி நேரம், அதுக்கு அப்புறம் பள்ளிக்கூடம். அந்தக் காலத்து மத்த மில்லுங்களோட வச்சுப் பாத்தா சோறு, துணி, படுக்கை எல்லாம் டேல் நல்லாவே குடுத்தார்னு எல்லாரும் எழுதறாங்க, நானும் மறுக்கல. ஆனா பதிமூணு மணி நேரம் கழிச்சு ஏழு வயசுப் புள்ள எந்தக் கண்ணால எழுத்தப் பாத்திருக்கும்?

பஞ்சு எங்கேருந்து வந்துச்சுன்னும் கேக்கணும். அடிமைங்க பறிச்ச பஞ்சுதான் பெரும்பாலும். கிளாஸ்கோவுல அடிமை வியாபாரத்த எதுத்து நடந்த சங்கத்துக்கு இதே டேல்தான் தலைவர். எனக்கு அவர் மேல கோபமும் வருது, பாவமாவும் இருக்கு.

கரும்பலகை:
ஓவன் பத்தி நான் சொல்றேன், பல வருஷமா படிக்கறேன். டேலோட மாப்பிள்ளை அவர். கூட்டாளிங்களோட சேந்து மில்ல 60,000 பவுண்டுக்கு வாங்கி 1800 ஜனவரில பொறுப்பு எடுத்தப்ப வயசு 28. பத்து வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்கள மில்லுக்குள்ள விடறத நிறுத்தினார். ஊர்க் கடைக்கு மொத்தமா நல்ல சரக்கு எடுத்து குறைஞ்ச விலைக்கு வித்தார், அந்த லாபம் பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. அமெரிக்கப் பஞ்சு வரத்து தடைபட்டு நாலு மாசம் மில்லு நின்னப்ப யாரையும் அனுப்பாம சம்பளம் குடுத்திருக்கார், 7,000 பவுண்டுக்கு மேல ஆச்சுன்னு அவரே எழுதி வச்சிருக்கார். ஆரம்பத்துல வெளியூர்க்காரன்னு சந்தேகமா பாத்த ஜனங்க அதுக்கு அப்புறம்தான் அவர நம்பினாங்க.

பள்ளிக்கூடம்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. 1816 ஜனவரி 1-ல திறந்தார், நடக்கத் தெரிஞ்ச குழந்தைல இருந்து சேத்துக்கிட்டாங்க. அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, சுவர் பூரா விலங்குப் படமும் மேப்பும், பாட்டு, டான்ஸ். டான்ஸ் பிடிக்காம கூட்டாளி வில்லியம் ஆலன் வருஷக்கணக்குல சண்டை போட்டு கடைசில பாடத்தையே மாத்த வச்சார், அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு மனசே ஆறல.

நூல்கண்டு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கரும்பலகை, அந்த சைலன்ட் மானிட்டர்னு சொல்றாங்களே, அது என்ன? அதுதான் எனக்கு உறுத்துது.

கரும்பலகை:
நாலு பக்கம் உள்ள சின்ன மரக்கட்டைங்க, ரெண்டு இஞ்ச் நீளம் இருக்கும். ஒரு பக்கம் கருப்பு, ஒண்ணு நீலம், ஒண்ணு மஞ்சள், ஒண்ணு வெள்ளை. ஒவ்வொரு ஆளோட இடத்துலயும் ஒண்ணு தொங்கும், நேத்து நீங்க வேலைல எப்படி இருந்தீங்களோ அந்தக் கலர் முன்னாடி தெரியற மாதிரி சூப்பர்வைசர் திருப்பி வச்சிருவார், கருப்புன்னா மோசம், வெள்ளைன்னா பிரமாதம். ஓவன் நடந்து போவார், கட்டையப் பாப்பார், ஆளப் பாப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். தினமும் அதை நோட்டுலயும் ஏத்துவாங்க. அடி உதை இல்லாம நடத்தணும்னுதான் கண்டுபுடிச்சார், போகப் போக கருப்பு குறைஞ்சு மஞ்சளும் வெள்ளையும் ஜாஸ்தியாச்சுன்னு சந்தோஷமா சொல்றார்.

பஞ்சுப்பொதி:
கரும்பலகை சொன்னது எல்லாம் சரி, ஆனா நாள் பூரா கூட வேலை பாக்கறவங்க கண்ணு முன்னாடி கருப்புக் கட்டை தொங்க நின்னுக்கிட்டு நூல் முடியறது அடியவிட லேசுன்னு என்னால சொல்ல முடியல. வீட்டு சுத்தத்தப் பாக்கவும் ஆள் வருவாங்க, அவங்களுக்கு ஊர்ப் பொம்பளைங்க வச்ச பேரு மூட்டைப்பூச்சி புடிக்கறவங்க. கதவச் சாத்தினவங்களும் உண்டு. நூல்கண்டு கேட்ட மனுஷங்க எனக்கு அந்த சாத்தின கதவுக்குப் பின்னாடிதான் தெரியறாங்க, ஒரே ரூம்ல மொத்தக் குடும்பம், சுவத்துக்குள்ள கட்டின கட்டில், அதுக்கு அடியில பகல்ல தள்ளி வச்சிட்டு ராத்திரி இழுத்துக்கற சக்கரக் கட்டில்.

மடைத்தண்ணி:
ஓவன் போனதோட ஊர் கதை முடிஞ்சிடலங்க. 1825 வாக்குல அவர் அமெரிக்காவுல நியூ ஹார்மனிங்கற ஊர்ல தன் கொள்கைப்படி ஒரு சமுதாயம் அமைக்கப் போயிட்டார், மில்லு 1968 வரைக்கும் ஓடுச்சு. தண்ணிச் சக்கரத்த எடுத்துட்டு டர்பைன் வச்சாங்க, 1898-ல இருந்து மில்லோட சொந்த கரண்ட் வீடுகளுக்கும் இலவசமா போச்சு. ஆனா ராத்திரி 10 மணி ஆனா மெயின ஆஃப் பண்ணிருவாங்க, சனிக்கிழமை மட்டும் 11. 1955-ல வெளி கரண்ட் வர்ற வரைக்கும் இதேதான் நடந்துச்சு. 2001-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க, இன்னிக்கும் அந்த வரிசை வீடுகள்ல ஜனங்க குடியிருக்காங்க, கால்வாய்ல தண்ணி ஓடுது, ஒரு டர்பைன் இன்னும் சுத்துது.