எல்லாவற்றுக்கும் பொதுவாக்கெடுப்பு வைத்துவிட்டால் தலைவர் எதற்கு?

கடலோடி:
பெரிய முடிவுகளை நேரடியாக மக்களிடமே கேட்டுவிடலாமே? வந்த முடிவை நிறைவேற்ற அதிகாரிகள் போதும். நடுவில் தலைவருக்கு என்ன வேலை?

எழுத்தாணி:
கேள்வியை யார் எழுதுவது? சூட்சுமம் அங்கேதான். 2016-இல் பிரிட்டனில் கேட்டது, ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று மட்டும். 51.9% பேர் விலகச் சொன்னார்கள். ஒன்றிய நாடுகள் தங்களுக்குள் தடையின்றி வணிகம் செய்யும் ஒற்றைச் சந்தையையும் விடுவதா, அயர்லாந்து எல்லையில் சோதனைச் சாவடி வருமா என்பதெல்லாம் வாக்குச்சீட்டில் இல்லை. பிறகு பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 2019-இல் மூன்று முறை தோற்றது. எதிர்த்தவர்களில் விலகலுக்காக முழங்கியவர்களும் உண்டு!

சுவிட்சர்லாந்தில் வேறு மாதிரி. அரசியல் சாசனத்தைத் திருத்த 18 மாதத்துக்குள் 1 லட்சம் கையெழுத்து வேண்டும். பெரும்பாலும் திருத்த வாசகத்தையே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாடாளுமன்றம் மாற்று வரைவு வைக்கலாம். வாக்காளர் இரண்டுக்குமே ‘ஆம்’ போடலாம். இரண்டும் தேறினால் எது வேண்டும் என்று மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கும். ஜெயிக்க மொத்த வாக்கிலும் பெரும்பான்மை வேண்டும், மாநிலங்களிலும் வேண்டும்.

கடலோடி:
சரி, குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்று ஒரு வரம்பு வைத்தால் தவறான முடிவு வராதுதானே?

நடுநிலை:
அது இன்னும் மோசம். இத்தாலியில் ஒரு சட்டத்தை நீக்கும் வாக்கெடுப்பு செல்ல, பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்கள் வர வேண்டும். 100 பேரில் 45 பேர் ‘ஆம்’, 6 பேர் ‘இல்லை’ என்றால் 51. செல்லும், ‘ஆம்’ ஜெயிக்கும். அந்த 6 பேரும் வீட்டிலேயே இருந்துவிட்டால் 45, செல்லாது. அதனால் எதிர்ப்பவர்கள் “வாக்களிக்கவே போகாதீர்கள்” என்றுதான் பிரசாரம் செய்வார்கள். வரம்பு வேண்டுமானால் ‘ஆம்’ வாக்குக்கு வையுங்கள், மொத்த வாக்காளர்களில் கால்வாசி என்பதுபோல. அப்போது வீட்டில் இருப்பதால் லாபமில்லை.

எழுத்தாணி:
தலைவருக்கு என்ன வேலை என்றீர்களே, 1981 பிரான்சைப் பாருங்கள். மக்களில் பெரும்பான்மையோர் மரண தண்டனை வேண்டும் என்ற நேரம். அதிபர் வேட்பாளர் மித்தரான் தேர்தலுக்கு முன்பே, தொலைக்காட்சியில், தான் அதற்கு எதிரி என்று சொல்லிவிட்டார். ஜெயித்தார், அதே ஆண்டு அக்டோபரில் தண்டனை ஒழிந்தது. ஒளித்து வைத்திருந்து பதவிக்கு வந்தபின் செய்திருந்தால் அதன் பெயரே வேறு.