அரக்குச் சிவப்பில் பச்சைக் கொடி எம்பிராய்டரி எடுபடவில்லை

கேள்வி (நாகர்கோவில்):
அரக்குச் சிவப்பு பிளவுஸ் கையில் இலைப்பச்சை நூலில் கொடி எம்பிராய்டரி போட்டிருக்கேன். ஆறிழை நூலில் இரண்டிழை, சாட்டின் தையல் (இழைகளை நெருக்கமாக அடுக்கி நிரப்புவது). பக்கத்தில் நல்லா இருக்கு; நாலடி தள்ளினால் துணியோடு கலந்துவிடுகிறது. எதிரெதிர் நிறம்தானே, ஏன்?

பதில் (தக்கலை):
நிறம் எதிர்தான் அக்கா, ஆனால் வெளிர்வு (எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பது) ஒன்றாக இருக்கு. போனில் படமெடுத்து கறுப்பு வெள்ளையாக மாற்றுங்க. இரண்டும் ஒரே சாம்பலாக வந்தால் அதுதான் காரணம். அரக்கே இருட்டு, கரும்பச்சைக்குப் போகாதீங்க, மூன்று ஷேடு வெளுத்த பச்சை எடுங்க. வாங்குமுன் கடை வாசல் வெளிச்சத்தில் நூலைத் துணிமேல் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்க. கடைக்குள் டியூப்லைட் ஏமாற்றும்.

பதில் (மார்த்தாண்டம்):
பிரிக்க மனசில்லையென்றால், இலை விளிம்பில் வெளிர்மஞ்சள் ஒற்றையிழையில் ஸ்டெம் தையல் (முறுக்கிய கயிறு போல் கோடாக ஓடுவது) ஓட்டுங்க. முழு நிறங்களில் மஞ்சள்தான் வெளிச்சம் கூடியது. சிவப்பையும் பச்சையையும் மட்டும் ஒரே ஊசியில் கோர்க்காதீங்க, தள்ளிப் பார்த்தால் தவிட்டு நிறம்தான் தெரியும்.

பதில் (தக்கலை):
விளிம்பு யோசனை நல்லது. நூல் கிடக்கும் திசையையும் கவனிங்க: இலையின் இரு பாதியையும் நடுநரம்பை நோக்கிச் சாய்த்துத் தைத்தால், வெளிச்சம் வேறுவேறாகப் பட்டு ஒரே நூல் இரண்டு ஷேடாகத் தெரியும்.