போன் மணி அடித்தால் நெட் அறுந்துபோகிறது, மோடம் மாற்றியும் தீரவில்லை

ரேழிவாசி:

ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது பழைய நீள வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையலறை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க் கொல்லையில் முடியும். எங்கள் தெருவுக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, கம்பத்திலிருந்து வரும் பழைய போன் லைனில்தான் நெட் ஓடுகிறது. பிளான் 8 எம்பிபிஎஸ், கிடைப்பது ஒன்றேகால், மிஞ்சினால் ஒன்றரை. தங்கை ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால் நான் ஆபீஸ் மீட்டிங்கில் வீடியோவை அணைத்துவிட வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, யாராவது லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டால் முதல் மணி முடிவதற்குள் மோடத்தில் லைன் இணைப்பைக் காட்டும் டிஎஸ்எல் விளக்கு அணைந்து மினுக்க ஆரம்பித்துவிடுகிறது, திரும்ப நிலையாக எரிய இரண்டு நிமிடம் ஆகிறது.

மோடத்தை மாற்றிப் பார்த்தேன், 1,800 ரூபாய் தண்டம். வைஃபைதான் கோளாறோ என்று லேன் கேபிளில் நேராக லேப்டாப்பை மாட்டினேன், அதே வேகம். கஸ்டமர் கேரில் நாலு தடவை பேசினேன், நாலு தடவையும் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். ஐந்தாவது தடவை அவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன்.

வயரிங் இப்படி: ரேழிச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, கம்பத்து வயர் அதில் வந்து சேர்கிறது. அங்கிருந்து கூடத்துக்கு ஒரு போன், மாடிக்கு ஒன்று, கொல்லைப் பக்க அறையில் பாட்டிக்கு ஒன்று. மோடம் மாடியில் என் அறையில், அதன் பக்கத்தில் போன் பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும் போட்டிருக்கிறேன். உள் வயர் எல்லாம் பல வருடம் முன்பு எலக்ட்ரீசியன் இழுத்தது.

மோடத்தின் செட்டிங்ஸ் பக்கமான 192.168.1.1 போய்ப் பார்த்தால் இப்படிக் காட்டுகிறது: டவுன்ஸ்ட்ரீம், அதாவது வீட்டுக்கு இறங்கும் வேகம், 1,632 கேபிபிஎஸ், எஸ்என்ஆர் மார்ஜின் 5.5 டெசிபல், அட்டனுவேஷன் 43 டெசிபல், சிஆர்சி பிழை ஒரே ராத்திரியில் 40,000-க்கு மேல். இதில் எது நல்லது, எது கெட்டது என்றே எனக்குத் தெரியாது.

இன்னொன்று, சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. போனில் ரேடியோ பாடுகிறது என்று பாட்டி ரொம்ப நாளாகச் சொல்கிறாள். காதில் கோளாறு என்று விட்டுவிட்டோம்.

தில்லைநகர்_திலகன்:

இணைய முகவரிகளைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள் ஜி, எனக்கு நல்ல வித்தியாசம் தெரிந்தது. அதற்கும் சரியாகவில்லையென்றால் லைனைச் சரண்டர் செய்துவிட்டு 4ஜிக்குப் போய்விடுங்கள். இந்தக் காலத்தில் யார் போன் வயரைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்?

ரேழிவாசி:

டிஎன்எஸ் மாற்றியாயிற்று ஜி. 4ஜி என்றால், ஒன்றரை அடிச் சுவர், உள்ளே ஒரு கோடுதான் காட்டும். மொபைலில் பேசவே திண்ணைக்கு வர வேண்டும்.

கம்பம்_ஏறியவன்:

தம்பி, நான் லைன்மேனாக இருந்து ரிடையர் ஆனவன். டிஎன்எஸ்ஸுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மணி அடித்தால் நெட் போகிறது என்ற ஒரு வரி போதும், கோளாறு உங்கள் வீட்டுக்குள்ளேதான்.

ஸ்ப்ளிட்டர் போட்டிருக்கிறேன் என்கிறீர்கள். அது மோடம் பக்கத்தில் மாடியில் இருக்கிறது. கூடத்துப் போனும் கொல்லைப் போனும் அதற்கு முன்னாலேயே பெட்டியிலிருந்து பிரிந்து போய்விடுகின்றன, அவை இரண்டும் ஸ்ப்ளிட்டருக்குள் இருக்கும் ஃபில்டர் இல்லாமல் நேரடியாக லைனில் தொங்குகின்றன. சும்மா இருக்கும் லைனில் 48 வோல்ட் டிசி, மணி அடிக்கும்போது அதன் மேல் 75 வோல்ட் ஏசி ஏறும். அந்த உதறல் ஃபில்டர் இல்லாத போன் வழியாக நெட் சிக்னலை அடித்துவிடும். வாசலில் வடிகட்டாமல் கடைசி அறையில் மட்டும் வடிகட்டி என்ன புண்ணியம்? ஸ்ப்ளிட்டரின் இடம் லைன் வீட்டுக்குள் நுழையும் ரேழிதான்.

முதலில் ஒரு சோதனை. வெள்ளைப் பெட்டிக்கு ரோசெட் என்று பெயர். மூடியைக் கழற்றினால் இரண்டு திருகில் கம்பத்து வயரும் உள்ளே போகும் வயர்களும் சேர்ந்து மாட்டியிருக்கும். உள்ளே போகும் அத்தனையையும் கழற்றுங்கள், கம்பத்திலிருந்து வரும் இரண்டு கம்பி மட்டும் இருக்கட்டும். மோடத்தை ரேழிக்கே தூக்கிக்கொண்டு வந்து, கடையில் வாங்கிய குட்டை வயரால் அந்த ரோசெட்டில் நேராக மாட்டி, அதே கணக்கை எழுதி வையுங்கள். அப்புறம் கழற்றிய வயர்களை ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு தடவையும் மோடத்தை அணைத்துப் போட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். எந்த வயரை மாட்டும்போது கணக்கு விழுகிறதோ அதுதான் திருடன்.

மோடத்தை மாட்டுவதற்கு முன் சாதாரண வயர் போனை அதே ரோசெட்டில் போட்டு, ஏதாவது ஒரு எண்ணை அழுத்திவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். டயல் டோன் அறுந்து லைன் நிசப்தமாக இருக்க வேண்டும். அப்போது கரகரப்போ உறுமலோ கேட்டால் கோளாறு வெளியே.

இடி மின்னல் நேரத்தில் திருகைத் தொடவே கூடாது. மற்ற நேரத்திலும் யாராவது கூப்பிட்டு மணி அடித்தால் கையில் சுருக்கென்று பிடிக்கும், ஆள் ஒன்றும் போய்விடாது, ஆனால் ஏணி மேல் நின்றால் விழுந்துவிடுவீர்கள். வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

பிட்டும்_பைட்டும்:

ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள். எண்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

அட்டனுவேஷன் என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வருவதற்குள் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்ற கணக்கு, குறைவாக இருந்தால் நல்லது. கம்பியின் தடிமனைப் பொறுத்து மாறும், மெல்லிய செம்புக் கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 43 என்றால் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருப்பது போல. எக்ஸ்சேஞ்ச் அவ்வளவு தூரம் இல்லையென்றால் மிச்சத்தை உங்கள் வீட்டு வயர்தான் தின்கிறது. மார்ஜின் என்பது இரைச்சலைத் தாண்டிச் சிக்னலுக்கு மிச்சமிருக்கும் இடம், அதிகமாக இருக்க வேண்டும், 6-க்குக் கீழே போனால் மோடம் நூல் மேல் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஆர்சி என்பது உடைந்து வந்த பொட்டலங்களின் எண்ணிக்கை, 40,000 ரொம்ப அதிகம்.

என்னைக் கேட்டால் சந்தேகம் கொல்லை வயர் மேல்தான். போன் லைனில் நெட் ஓட்டும் ஏடிஎஸ்எல்2+ முறை 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. பிரதான லைனிலிருந்து கிளைத்துப் போய்ச் சும்மா நிற்கும் வயரில் சிக்னல் போய் முட்டித் திரும்பி வந்து, எதிரே வருவதைக் கெடுக்கும். கிளை 40 மீட்டர் என்றால் சுமார் 1.25 மெகாஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும், நெட் ஓடும் இடத்துக்கு நட்டநடுவில். ஐந்து மீட்டர் கிளையால் இந்தத் தொல்லை கிடையாது, அதன் பள்ளம் எங்கோ மேலே போய்விடும். உங்கள் வீட்டு நீளம்தான் உங்களுக்கு எதிரி.

அப்புறம், பாட்டி சொல்வது உண்மையாக இருக்கலாம், அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். திருச்சி வானொலியின் மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ். முறுக்கு இல்லாத நீள வயர் நல்ல ஏரியல். வழியில் எங்காவது களிம்பு பிடித்த ஜாயின்ட் இருந்தால் அது டையோடு மாதிரி வேலை செய்து பாட்டைப் பிரித்துக் கொடுத்துவிடும், பழைய கிரிஸ்டல் ரேடியோ தத்துவம். மோடம் தன் அலைவரிசையை 4.3125 கிலோஹெர்ட்ஸ் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது, 936-ஐ அதால் வகுத்தால் 217 வரும். உங்கள் மோடத்தில் ஒவ்வொரு துண்டிலும் எத்தனை பிட் ஏறுகிறது என்று காட்டும் பிட் லோடிங் பக்கம் இருந்தால் 217-ஆவது துண்டும் அதன் அக்கம்பக்கமும் காலியாக இருக்கிறதா பாருங்கள்.

ரேழிவாசி:

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் காது சோதனை. ரேழியில் எண் ஒன்றை அழுத்தியதும் நிசப்தம். அப்புறம் மோடம். உள் வயர் எதுவும் இல்லாமல் டவுன்ஸ்ட்ரீம் 8,191, மார்ஜின் 12, அட்டனுவேஷன் 34. அதே மோடம்! பழைய மோடத்தையும் மாட்டிப் பார்த்தேன், அதிலும் அதே 8,191, அந்த 1,800-ஐ நினைத்து வயிறு எரிந்தது. கூடத்து வயரை மாட்டினால் பெரிய மாற்றமில்லை. மாடி வயரைச் சேர்த்தால் 6,900 சொச்சம். கொல்லை வயரையும் மாட்டினேன், நேராக 2,100-க்கு விழுந்தது.

217-ஐயும் பார்த்தேன். 216, 217, 218 மூன்றும் சுழியம். பக்கத்திலெல்லாம் ஏழு எட்டு பிட் நிற்கிறது, அந்த மூன்றில் மட்டும் பல் விழுந்த மாதிரி. கொல்லை வயரைக் கழற்றினால் அங்கேயும் பிட் ஏறிவிடுகிறது.

வயரைப் பிடித்துக்கொண்டே கொல்லைவரை போனேன். போன் வயரே இல்லை, காலிங் பெல்லுக்குப் போடும் தட்டை வயர். கூடத்தைத் தாண்டியதும் டியூப் லைட் வயரோடு ஒரே கேசிங்கில் ஏறிவிடுகிறது. சமையலறை நிலைக்கு மேலே ஒரு ஜாயின்ட், கறுப்பு டேப் சுற்றியிருந்தது, இத்தனை வருட ஆவியிலும் எண்ணெய்ப் புகையிலும் டேப் இளகிப் பசையாகிக் கையில் ஒட்டிக்கொண்டது. பிரித்தால் உள்ளே இரண்டு கம்பியையும் சும்மா முறுக்கி விட்டிருக்கிறார்கள், முழுக்கப் பச்சைக் களிம்பு. இழுக்கக்கூட இல்லை, தொட்டதுமே ஒரு கம்பி உதிர்ந்துவிட்டது.

பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் சொன்னால் எவன் கேட்கிறான்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது மோடம் ரேழியில், ஸ்ப்ளிட்டரும் அங்கேயே. ஸ்ப்ளிட்டரின் போன் முனையிலிருந்து கேட்5 என்ற நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடியில் கூடத்துக்கும் கொல்லைக்கும் புது வயர், லைட் வயரை விட்டு ஒரு அடி தள்ளி. மாடிப் போனை எடுத்தே விட்டேன், யாரும் பேசுவதில்லை. மாடிக்கு மோடத்திலிருந்து லேன் கேபிள். மொத்தச் செலவு 1,300 ரூபாய்க்குள். போன் அடித்தாலும் விளக்கு அசையவில்லை.

ஒரே குறை, நேற்று மழை பெய்தபோது மார்ஜின் 12-லிருந்து 7-க்கு இறங்கியது. ரேழியிலேயே கரகரப்பு கேட்டது.

கம்பம்_ஏறியவன்:

சபாஷ். பழைய வயரைக் கத்தரித்துவிட்டீர்கள்தானே? திரும்ப யாராவது கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள்.

மழைக் கோளாறு வெளி வேலை, அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். கம்பத்தில் வீடுகளுக்கு லைனைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் டிராப் வயரில் வெயிலில் தோல் வெடித்திருக்கும், இல்லையென்றால் அணில் கடித்திருக்கும். மழைநீர் உள்ளே இறங்கினால் காயும்வரை கரகரப்பு இருக்கும். மழை நின்ற மறுநாள் மத்தியானம் தானாகச் சரியாகிவிடுகிறதா பாருங்கள், சரியாகிவிட்டால் கோளாறு அதுவேதான்.

புகார் கொடுக்கும்போது நெட் மெதுவாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள், மறுபடியும் மோடத்தை அணைக்கச் சொல்வார்கள். போனில் பேச முடியவில்லை, கரகரக்கிறது என்று சொல்லுங்கள். அதுவும் பொய்யில்லையே. அதற்கு ஆள் அனுப்பித்தான் ஆக வேண்டும். வருகிறவரிடம் டிராப் வயரை முழு நீளத்துக்கு மாற்றச் சொல்லுங்கள், நடுவில் ஒட்டுப் போட விடாதீர்கள். ஒட்டுத்தான் என்றால் ஜெல் நிரப்பிய சின்ன கனெக்டர் உண்டு, யுஒய் என்போம், அதைப் போடச் சொல்லுங்கள், டேப் வேண்டாம். வயர் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். நேராக ஓட்டைக்குள் இழுத்தால் வயரைப் பிடித்துக்கொண்டே ரோசெட்டுக்கு வந்துவிடும்.

தில்லைநகர்_திலகன்:

ஒப்புக்கொள்கிறேன், டிஎன்எஸ் இல்லை. எங்கள் வீட்டிலும் மாமனார் ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்து வைத்திருக்கிறார், நாளைக்குப் போய்க் கழற்றுகிறேன்.

ரேழிவாசி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். புகார் கொடுத்த மூன்றாம் நாள் ஆள் வந்தார். டிராப் வயரில் மாடிக் கைப்பிடிச் சுவரில் உரசும் இடத்தில் தோலே இல்லை. முழுதாக மாற்றிவிட்டார். வளைவு விடச் சொன்னதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விட்டார். நேற்று ராத்திரி நல்ல மழை, மார்ஜின் 11-க்குக் கீழே வரவில்லை, சிஆர்சி 60.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஸ்பீட் டெஸ்ட்டில் மட்டும் நாலைத் தாண்டுவதில்லை. மோடத்தில் 8,191 அப்படியே நிற்கிறது, அட்டனுவேஷனும் மாறவில்லை. இதற்கு வயரில் எங்கே தேடுவது?

பிட்டும்_பைட்டும்:

வயரில் தேடாதீர்கள். மோடம் 8,191 காட்டும்வரை எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் உங்கள் பாதை சுத்தம். அதற்கு அப்பால் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ பார்க்கிறார்கள், அவ்வளவுதான். பெரிய டவுன்லோடு இருந்தால் ராத்திரி பதினொன்றுக்கு மேல் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.