சத்தம் கேக்குது, பேச்சு கேக்கலை: 10 × 14 ஹாலுக்கு எந்த ஸ்பீக்கர்?

செம்பூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் வாடகை வீடு. ஹால் 14 அடி அகலம், 10 அடி ஆழம். டிவி நீளச் சுவரில் இருக்கிறது. சோபா எதிர்ச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. உட்கார்ந்தால் காதுக்கும் திரைக்கும் எட்டடி. சோபாவுக்கு இடப்பக்கம் ஜன்னல் சுவர். வலப்பக்கம் சுவரே கிடையாது, சமையலறைக்குப் போகிற வழி. 11 மாத அக்ரிமென்ட். சுவரில் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும்.

போன தை மாதம் அப்பா கும்பகோணத்தை விட்டு எங்களோடு வந்துவிட்டார். வயது 71. வலது காது மந்தம். பகல் முழுக்க அவருக்குத் துணை டிவியில் வரும் பழைய படங்கள்தான். வால்யூமை 40 வரைக்கும் ஏற்றிவிடுகிறார். பாட்டும் சண்டையும் வீட்டைத் தூக்குகிறது, கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டார். அப்பா சொல்வது ஒன்றுதான்: "சத்தம் கேக்குதுடா, பேச்சு கேக்கலை." கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் மாட்டுங்காவில் இருந்தவர் அவர். கிங் சர்க்கிள் அரோரா தியேட்டரில் பார்த்த படங்களை வசனத்தோடு ஒப்பிப்பார். இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகளிடம், "அவன் என்ன சொன்னான்?" என்று கேட்கிறார். எனக்கு அது தாங்கவில்லை.

ஆபீஸ் நண்பர் ஒருவர் வெளிநாடு போகும்போது யமஹா ஆர்எக்ஸ்-வி385 ரிசீவரை, அதாவது டிவி ஒலியைப் பிரித்துப் பல ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயரைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்பீக்கருக்கு 50,000 ரூபாய் வரை ஒதுக்க முடியும். முன்னால் போல்க் கம்பெனியின் டி50 டவர் (தரையில் நிற்கும் உயரப் பெட்டி) இரண்டு, நடுவில் சென்டராக டி30, பக்கத்தில் சரவுண்டாக டி15 என்ற சின்னப் பெட்டி இரண்டு என்று ஒரு திட்டம். டவர் வேண்டாம், டி15 நாலு, டி30 ஒன்று என்று இன்னொன்று. கேட்கப் போன ஒரு கடையில், "சென்டரை விடுங்க, பெரிய டவரும் நல்ல சரவுண்டும் வாங்குங்க, தியேட்டர் மாதிரி இருக்கும்" என்றார்கள். பழைய ஸ்டீரியோ செட்டின் ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும் பரணில் கிடக்கிறது. மூன்றாவது மழைக்காலத்திலேயே அதன் கோனை (அசையும் கூம்பை) சுற்றியிருக்கும் ஃபோம் விளிம்பு உதிர்ந்துவிட்டது. அதைத் தூக்கிப் போடலாமா?

வாஷிவாசி:

சப்ஊஃபர் (பேஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனிப் பெட்டி) வாங்கப் போவதில்லை என்றால் டவர்தான். நான் டி50 மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன். ராஜா பாட்டில் பேஸ் கிதார் தனியாக நடந்து வருவது டி15-இல் வராது. 70 வாட் ரிசீவர் இழுக்குமா என்ற கவலை வேண்டாம், தாராளமாக இழுக்கும்.

மாட்டுங்கா மெக்கானிக்:

தம்பி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் 22 வருஷம் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பழுது பார்த்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், உங்கள் கேள்விக்குப் பதிலை உங்கள் அப்பாவே சொல்லிவிட்டார்.

வயதானால் காது முதலில் இழப்பது உச்ச ஸ்தாயி ஒலிகளை. பேச்சில் சத்தத்தைத் தருவது உயிரெழுத்து, அர்த்தத்தைத் தருவது பெரும்பாலும் மெய்யெழுத்து. ச, ஸ, த இவற்றின் உரசலும் வெடிப்பும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே நிறைய இருக்கிறது. அது குறைந்து போனால் "காசு", "காது", "காடு" மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். வால்யூமைக் கூட்டினால் உயிரெழுத்துதான் இன்னும் தடிக்கும். அதன்மேல் பேஸையும் கொட்டினால் மீதியிருக்கும் மெய்யும் மூழ்கிவிடும். இன்றைய தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் தரையைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கிறது, அதிலேயே பாதி போய்விடுகிறது.

அதனால் சென்டரை விடச் சொன்ன ஆலோசனையை மறந்துவிடுங்கள். 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்ஊஃபருக்கும் தனித்தனியாகப் பிரித்துப் பதிந்த ஒலியில், வசனம் பெரும்பாலும் அந்த ஒரு பெட்டியிலிருந்துதான் வருகிறது. உங்கள் பணத்தில் முதல் ரூபாய் அதற்குப் போக வேண்டும். முன் இடது, வலது இரண்டும் அதே வரிசையைச் சேர்ந்ததாக இருக்கட்டும். ஆள் திரையில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நடக்கும்போது குரல் மாறாமல் கூடவே போகும். சரவுண்டுக்கு அவ்வளவு கட்டாயம் இல்லை. மழை, கூட்டம், பாட்டின் எதிரொலி, இதுதான் அதன் வேலை.

வாஷி நண்பர் சொன்னது பாட்டுக்குச் சரி. ஆனால் டி50-ஐப் பார்த்து மூன்று ஊஃபர் (தாழ்ந்த, நடு ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கர்) என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். அதில் ஓடுவது 6.5 அங்குல ஊஃபர் ஒன்றுதான். கீழே இருக்கும் இரண்டும் சுருளும் காந்தமும் இல்லாத பாசிவ் ரேடியேட்டர், உள்ளே அசையும் காற்றில் ஆடுபவை. குற்றம் இல்லை, அது ஒரு நல்ல முறைதான். 10 அடி ஆழ ஹாலில் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் வீங்கும், அதுதான் பிரச்சினை. கீழ்வீட்டுக்காரர் மூன்றாவது தடவையும் வருவார். டி15-இல் 5.25 அங்குல ஊஃபர், உங்களுக்குப் போதும். மிச்சப் பணத்தை வைத்திருங்கள். பின்னால் ஒரு சின்ன சப்ஊஃபர் வாங்கினால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் அதற்குப் பிரித்து அனுப்பி, வேண்டிய அளவுக்கு மட்டும் பேஸ் வைத்துக்கொள்ளலாம். டவரில் அந்தக் கட்டுப்பாடு உங்கள் கையில் வராது.

வாட் கணக்கும் சொல்லிவிடுகிறேன். டி15-க்கு 89 டெசிபல் போட்டிருக்கிறார்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் அவ்வளவு. எட்டடி தள்ளி உட்கார்ந்தால் ஏறக்குறைய 8 டெசிபல் குறையும், 81 நிற்கும். ஒரே ஒரு வாட்டில்! வீட்டில் அதுவே உரத்த சத்தம். பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் எட்டுவதாகச் சொல்லும் உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்த பெட்டிகளைப் பிரித்து உள்ளே தம்மாத்துண்டு டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்தவன் நான், அந்த எண்ணை நம்பவே நம்பாதீர்கள்.

இப்போது முக்கியமானது. டி30 படுக்கைவாட்டில் இருக்கும்; நடுவில் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்), இரு பக்கமும் ஊஃபர். இந்த அமைப்பில் நேரெதிரே இருப்பவருக்குப் பேச்சு தெளிவாக வரும். பக்கவாட்டில் நகர நகர இரண்டு ஊஃபரின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் காதை அடைந்து, சில ஸ்வரங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். உங்கள் அப்பா சோபாவில் எங்கே உட்காருகிறார்? பெரியவர்கள் கை ஊன்றி எழ வசதியாக ஓரத்தில்தான் உட்காருவார்கள். அவரை நடுவில் உட்கார வையுங்கள். சென்டரை டிவிக்குக் கீழே வைத்தால் முன்பக்கம் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, முகம் அவர் காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். ஸ்டாண்டின் விளிம்பு வரை முன்னுக்கு இழுத்து வையுங்கள், உள்ளே தள்ளினால் பலகையில் பட்டுக் குரல் மங்கும். முன் ஜோடி ஆறரை அடியிலிருந்து ஒன்பது அடிக்குள் இடைவெளியில் இருக்கலாம், எட்டடிக்கு அது சரியான கோணம்.

பரணில் இருப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். உப்புக்காற்றிலும் ஈரத்திலும் ஃபோம் விளிம்பு உதிர்வது இந்த ஊரில் சகஜம். கோனும் சுருளும் நன்றாக இருந்தால் விளிம்பை மட்டும் மாற்றலாம். ரப்பர் விளிம்பு கிடைத்தால் அதையே கேட்டுப் போடுங்கள். கோனை இரண்டு விரலால் சமமாக மெல்ல அழுத்திப் பாருங்கள், கரகரவென்று உரசினால் சுருள் போய்விட்டது, விட்டுவிடுங்கள். பின்னால் எத்தனை ஓம் (மின்தடை அளவு) என்று பாருங்கள். ஸ்டீரியோ செட்டோடு வரும் பெட்டிகளில் 3, 4 என்றெல்லாம் இருக்கும். ரிசீவரின் பின்னால் ஸ்பீக்கர் முனைகளுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அது குறைந்தால் இணைக்கவே கூடாது.

முலுண்டுக்காரி:

சார், என் மாமியாருக்கும் இதே கதைதான். மெக்கானிக் ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பழைய படங்களுக்கு 5.1 கிடையாது. ஒரே தடமாகப் பதிவு செய்து, இடது வலது இரண்டிலும் அதையே அனுப்புகிறார்கள். ரிசீவரை ஸ்ட்ரெய்ட் (வரும் ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் அமைப்பு) என்று வைத்தால் சென்டர் ஊமையாகத்தான் கிடக்கும்! நான் ஒரு வாரம் பழுது என்று நினைத்துத் தவித்தேன். சரவுண்ட் டீகோடரை ஓட விட்டால் இடது வலதில் பொதுவாக இருப்பதை எடுத்து நடுவுக்குத் தருகிறது. மாமியாருக்கு அதை வைத்த அன்றுதான் வசனம் கேட்டது. அதோடு சென்டரின் அளவை மட்டும் 3 டெசிபல் கூட்டினேன். ராத்திரியில் டைனமிக் ரேஞ்சை, அதாவது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்து வைத்தால் சண்டை அடங்கும், பேச்சு அடங்காது. ஆப்பில் வரும் புதுப் படம் 5.1-இல் வரவில்லை என்றால் டிவியின் ஒலி அமைப்பில் பி.சி.எம். என்று இருக்கிறதா பாருங்கள், பிட்ஸ்ட்ரீமுக்கு மாற்ற வேண்டும். சாதாரண ஆர்க் (டிவி ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்.டி.எம்.ஐ. இணைப்பு) வழியாகவே டால்பி டிஜிட்டல் 5.1 போகும்.

இன்னொன்று, ஸ்பீக்கருக்கு முன்னால் காதைப் பரிசோதியுங்கள். பாந்த்ரா ரெக்ளமேஷனில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது, பேச்சுக்கும் செவித்திறனுக்குமான மத்திய அரசு நிறுவனம், 1983-இல் தொடங்கியது. மாமியாரை அங்கேதான் கூட்டிப் போனோம். எந்த அலைவரிசையில் எவ்வளவு குறை என்று கோடு போட்டுக் காட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் "எத்தனை தடவை சொல்றது" என்று நான் கோபப்பட்டதெல்லாம் எவ்வளவு தப்பு என்று புரிந்தது.

சரவுண்ட் பற்றி: எங்கள் சோபாவும் சுவரை ஒட்டித்தான். பின்னால் இடம் இல்லாததால் பக்கவாட்டில், காதுக்கு மேலே ஒன்றரை அடி உயரத்தில் ஸ்டாண்டில் வைத்தேன். முகத்தைக் காதை நோக்கித் திருப்பவில்லை, எதிரெதிராகத் தலைக்கு மேல் பார்க்க வைத்தேன். உங்கள் வலப்பக்கம் சுவர் இல்லாதது பெரிய குறையாகாது. ரிசீவரோடு வந்த மைக்கைக் காது உயரத்தில் வைத்து அளக்க விட்டால் தூரத்தையும் அளவையும் அதுவே சரிசெய்யும். அளக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள்.

செம்பூர்க்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். டி30 ஒன்றும் டி15 இரண்டும் மட்டும் வாங்கினேன். வயர் 1.5 சதுர மில்லிமீட்டர், சுத்தச் செம்பு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதைக் காட்டினார்கள், வேண்டாம் என்றேன்.

மெக்கானிக் ஐயா, அப்பா ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார், அதுவும் வலது ஓரத்தில், மந்தமான காது வழிப்பக்கம் பார்க்க. நடுவுக்கு வரச் சொன்னால் கேட்கவில்லை, எழுந்திருக்க முடியாது என்றார். சோபாவை எடுத்துவிட்டு, அவருடைய கை வைத்த மர நாற்காலியை நேர் நடுவில் போட்டு, இரு பக்கமும் நாங்கள் மோடா போட்டுக்கொண்டோம். முதல் நாள் ஸ்ட்ரெய்டில்தான் இருந்தது. முலுண்ட் அக்கா எழுதியது ஞாபகம் வந்து மாற்றினேன். ஒரு கோர்ட் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வாய்க்குள்ளேயே வசனத்தைக் கூடவே சொன்னார், நடிகருக்கு அரை நொடி முன்னால். மகள் என்னைப் பார்த்தாள். டிவியில் 40 வைத்தவர் இப்போது கதவைச் சாத்தாமலே பார்க்கிறார், கீழ்வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

பாந்த்ராவில் வரும் வியாழக்கிழமை போகிறோம். பழைய ஜோடியின் கோன் உரசவில்லை, பின்னால் 6 ஓம், ரிசீவரிலும் 6-தான். விளிம்பு மாற்றி அதையே சரவுண்டாக வைக்க எண்ணம். ஞாயிறு லேமிங்டன் ரோடு வந்தால் விளிம்பு கிடைக்குமா? மாற்றிய பிறகு கூட்டல் கழித்தல் முனை சரியா என்று எப்படிப் பார்ப்பது?

மாட்டுங்கா மெக்கானிக்:

ஞாயிறு வராதீர்கள், பெரும்பாலான கடை பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலை வாருங்கள். கிராண்ட் ரோடு ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான். ஊஃபரைப் பெட்டியிலிருந்து கழற்றிக் கையோடு கொண்டு வாருங்கள், விளிம்பின் அளவை வாயால் சொல்லி வாங்க முடியாது, அரைக்கால் அங்குலம் தப்பினாலும் ஒட்டாது.

கூட்டல் கழித்தலுக்கு 1.5 வோல்ட் பேட்டரி ஒன்று போதும். ரிசீவரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் கழித்தலை ஸ்பீக்கரின் கழித்தலில் வைத்துக்கொண்டு, கூட்டலைக் கூட்டலில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே தள்ளினால் சரி. உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. இரண்டு பெட்டியிலும் பார்த்துவிடுங்கள். அப்பாவின் நாற்காலியை அங்கேயே விடுங்கள், மைக்கை அந்த நாற்காலியில் வைத்து அளந்துகொள்ளுங்கள்.