ஜெனரேட்டர் கன்ட்ரோல் வயருக்கு 1.5 போதுமா?

ஈரோடு வயர்மேன்:
நேற்று ஒருத்தர் இங்கே வந்து, ஜெனரேட்டருக்கும், கரண்ட் போனால் அதைத் தானாக ஸ்டார்ட் செய்யும் ஏஎம்எஃப் பேனலுக்கும் நடுவில் 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கன்ட்ரோல் வயரே தாராளம், 2.5 இழுப்பதெல்லாம் பில் ஏற்றும் வேலை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பெருந்துறையில் என் கஸ்டமர் அதைக் காட்டி என்னிடமே கணக்குக் கேட்கிறார். யாருங்க அது? 2.5க்குக் கீழே நான் இழுக்க மாட்டேன்.

பல்லடம் பேனல்:
நான்தானுங்க. ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை. பேனலிலிருந்து இன்ஜின் 50 மீட்டர் என்றால் போக வர 100 மீட்டர். 1.5 ஃப்ளெக்ஸிபிள் செம்பு கிலோமீட்டருக்கு 13.3 ஓம், 2.5 என்றால் 7.98. ரிலே, அதாவது சிறு கரண்டில் பெரிய கரண்டை ஆன் செய்யும் சுவிட்ச், அதன் காயில் 0.2 ஆம்பியர் வாங்கினால் முதலாவதில் 0.27 வோல்ட் இறங்கும், அடுத்ததில் 0.16. இந்த 0.11 வோல்ட்டுக்கா அத்தனை செம்புக்குக் காசு வாங்குகிறீர்கள்?

ஈரோடு வயர்மேன்:
பேப்பரில் எல்லாம் ஓடும் சாமி. இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுத்துக் கொடுக்கும் காந்தச் சுவிட்ச், சொலினாய்டு என்று ஒன்று இருக்கிறது. இழுக்கிற நேரத்தில் 10 ஆம்பியருக்கு மேலேயே போகும். 1.5 அங்கே என்ன செய்யும்? 2.5தான்.

பல்லடம் பேனல்:
10 ஆம்பியர் போனால் உங்கள் 2.5லும் 8 வோல்ட் வயரிலேயே போய்விடும். 12 வோல்ட் பேட்டரியில் மிச்சம் 4. எந்தச் சொலினாய்டுங்க 4 வோல்ட்டில் இழுக்கும்? இன்ஜின் பக்கத்திலேயே ஒரு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து தடித்த வயரை அது வழியாகச் சொலினாய்டுக்குக் கொடுக்க வேண்டும். பேனலிலிருந்து வருவது ரிலேவுக்கு உத்தரவு மட்டும். அதற்கு 1.5 போதும், போதும், போதும்.

சோமனூர் தறிக்காரர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் தறிக்குடோனில் கரண்ட் போயும் ஜெனரேட்டர் செட் ஸ்டார்ட் ஆகவில்லை. கன்ட்ரோல் வயரின் மேல் உறை முழுசாக இருந்தது, முனையில் மாட்டும் லக் பக்கத்தில் பிடித்து ஆட்டினால் உள்ளே கம்பி முறிந்து கிடந்தது. ஒற்றைக் கம்பி வயர், இன்ஜின் அதிர்விலேயே போய்விட்டது. அது 2.5தான். சைஸை விடுங்க, பல இழை வயர் போடச் சொல்லலாமில்லையா?

பல்லடம் பேனல்:
பார்த்தீர்களா, 2.5தான் முறிந்தது!

ஈரோடு வயர்மேன்:
முறிந்ததற்கு 2.5 என்ன பண்ணும்? ஒற்றைக் கம்பியை இன்ஜினில் கட்டினவரைக் கேளுங்க. பல்லடம் பக்கத்து ஆளாகத்தான் இருப்பார்.

கோவை டிப்ளமா:
ரெண்டு பேரும் வயர் போகும் ரூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. 415 வோல்ட் கேபிளோடு ஒரே டிரேயில் கன்ட்ரோல் வயரைப் படுக்க வைத்தால் தேவையில்லாத வோல்டேஜ் ஏறும். இன்ஜின் வேகத்தை அளக்கும் ஸ்பீடு பிக்கப் வயருக்கு ஷீல்டு, அதாவது சுற்றிலும் உலோக உறை வேண்டும், அதையும் ஒரு முனையில் மட்டும்தான் எர்த் செய்ய வேண்டும்.

ஈரோடு வயர்மேன்:
தம்பி, டிரே, ஷீல்டு எல்லாம் காலேஜில் சொல்லித் தருவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சைக் கடித்துக்கொண்டு பேனல் திறந்திருக்கிறீர்களா?

கோவை டிப்ளமா:
திறந்திருக்கிறேன் அண்ணா. உங்கள் ஊரில்தான், வேறொருத்தர் செய்த வேலையைச் சரிசெய்ய.

பல்லடம் பேனல்:
ஷீல்டு பிறகு பார்க்கலாம், பேச்சை மாற்றாதீர்கள். எங்கள் பக்கம் ஏசி கோழி ஷெட், அதாவது நாலு பக்கமும் மூடி ஃபேனிலேயே காற்று இழுக்கும் ஷெட் இருக்கிறது. வெயில் நேரத்தில் ஃபேன் நின்றால் கோழி மூச்சுமுட்டிச் செத்துவிடும். அப்படிப்பட்ட ஷெட்டுக்கே 1.5 பல இழை இழுத்து, லக்கை அழுத்திக் கிரிம்ப் செய்து, வயரை அடையாளம் காட்டும் நம்பர் ஃபெரூல் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். இன்றுவரை ஒரு போன் வந்ததில்லை.

ஈரோடு வயர்மேன்:
ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரியே 9 வோல்ட்டுக்கு இறங்கும். அந்த நேரத்தில் உங்கள் ரிலே விட்டுவிட்டால்?

பல்லடம் பேனல்:
ரிலே ஒருமுறை இழுத்துவிட்டால் அதைவிடக் குறைந்த வோல்ட்டிலும் பிடித்துக்கொண்டு நிற்கும். உங்கள் 2.5 தருகிற 0.11 வோல்ட்டா அதைக் காப்பாற்றப்போகிறது? பழைய பேட்டரியை மாற்றச் சொல்லுங்க.

ஈரோடு வயர்மேன்:
திங்கட்கிழமை பெருந்துறையில் 2.5தான் இழுக்கிறேன். வந்து பாருங்க.

பல்லடம் பேனல்:
இழுங்க. இன்ஜின் பக்கம் ரிலே வைக்கிறீர்களா, இல்லையா?

ஈரோடு வயர்மேன்:
அது எனக்கும் கஸ்டமருக்கும் உள்ள விஷயம்.